எழுந்து நின்று கைதட்டிய பிறகு

1999 ஜனவரி 31, சேப்பாக்கம். பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காவது நாள். இலக்கு 271. முதுகு வலியோடு ஆடிய சச்சின் 136 ரன்னில் அவுட் ஆனபோது வெற்றிக்கு 17 ரன்தான் பாக்கி. அடுத்த நான்கு ரன்னுக்குள் மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் போய்விட்டன. 12 ரன்னில் தோல்வி. வாசிம் அக்ரமின் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

சென்னை ரசிகர்களைப் பற்றி எழுத உட்காருகிற யாரும் இந்தக் காட்சிக்கு வராமல் போவதில்லை. 'விவரம் தெரிந்த கூட்டம்' என்ற பட்டம் இங்கிருந்துதான் உறுதியானது. நானும் அந்தக் காட்சியை எத்தனையோ முறை யூடியூபில் போட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது பார்த்தாலும் தொண்டை அடைக்கும். ஆனால் விமர்சனமாக ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. இந்தக் காட்சியைப் பற்றிய அத்தனை எழுத்தும் ஏன் கைதட்டலோடு நின்றுவிடுகிறது? கைதட்டி முடித்த பிறகு அந்த ஆயிரக்கணக்கான பேர் என்ன செய்தார்கள்? எந்த வாசல் வழியாக வெளியே வந்தார்கள், எந்த வண்டியைப் பிடித்தார்கள், எப்போது வீடு போய்ச் சேர்ந்தார்கள்?

அற்பமான கேள்வி மாதிரி தோணும். ஆனால் நம்முடைய விளையாட்டு எழுத்து, சினிமா, செய்தி எல்லாவற்றிலும் ஒரு பழக்கம் ஊறியிருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிற வரை அவர் ரசிகர். அவருக்கு ரசனை உண்டு, நினைவு உண்டு, பெருந்தன்மை உண்டு. கேட்டைத் தாண்டி வெளியே வந்த நிமிஷத்தில் அவர் 'கூட்டம்' ஆகிவிடுகிறார். கூட்டத்துக்கு ரசனை கிடையாது. அதைக் கட்டுப்படுத்த வேண்டும், கலைக்க வேண்டும், திருப்பிவிட வேண்டும். ஒரே ஆள், பத்து நிமிஷ இடைவெளியில், இரண்டு வேறு பிராணியாக எழுதப்படுகிறார். அந்தப் பத்து நிமிஷம் நடக்கிற இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அந்த இடத்துக்குப் பெயர் சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையம்.

இதை ஆலங்குளத்திலிருந்து எழுதுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. எங்கள் ஊருக்கு ரயில் கிடையாது. திருநெல்வேலி–தென்காசி ரோடு ஊருக்கு நடுவே போகிறது. ரயில் பாதையோ அம்பாசமுத்திரம், கீழக்கடையம் என்று தெற்கே ஒரு வளைவு போட்டு, பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்குப் போய்விடுகிறது. ரயில் ஏறவே ஒரு பஸ் ஏற வேண்டிய ஊர். அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்தவனுக்கு ஒரு மைதானத்தின் முதுகுக்குப் பின்னாலேயே ரயில் நிலையம் இருப்பது பேராச்சரியம். ஆச்சரியப்பட்டவனுக்குத்தான் அது எங்கே தவறுகிறது என்றும் கண்ணில் படும்.

*

சேப்பாக்கம் மைதானம் 1916இல் வந்தது. முதல் டெஸ்ட் ஆட்டம் 1934இல். இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் 1952இல் இங்கேதான். பறக்கும் ரயில் இவற்றுக்கெல்லாம் வெகுகாலம் பிந்தியது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையிலான முதல் துண்டு 1995 நவம்பர் 1 அன்று திறந்தது. அதாவது, அந்தப் பாதையின் முதல் கடைசி நிலையமே சேப்பாக்கம்தான். 1997இல் திருமயிலை வரை நீண்டது, 2004இல் திருவான்மியூர், 2007 நவம்பரில் வேளச்சேரி. ஆக, 1999இல் எழுந்து நின்று கைதட்டியவர்களுக்கு எட்டிய தூரத்தில் ரயில் இருந்தது. அவர்களில் சிலராவது அந்தப் படியேறித்தான் வீடு போயிருக்க வேண்டும். அந்தப் பயணத்தை யாரும் எழுதவில்லை.

இந்தப் பாதை மைதானத்துக்காகப் போடப்பட்டது இல்லை. பக்கிங்ஹாம் கால்வாய் அந்த வழியாகப் போனது. அதன் மேலேயும் ஓரத்திலும் தூண் நட்டால் நிலம் கையகப்படுத்தும் செலவு குறையும். அதனால் பாதை கால்வாயைப் பின்தொடர்ந்தது. ஒரு காலத்தில் உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் பட்டணத்துக்கு வந்த நீர்வழி அது. அதில் இப்போது கான்கிரீட் கால்கள் நிற்கின்றன. கரையில் குடியிருந்தவர்களில் பலர் இடம் பெயர்க்கப்பட்டார்கள். மக்கள் எங்கே போகிறார்கள் என்று பார்த்துப் போட்ட பாதை இல்லை இது, எங்கே இடம் மலிவாகக் கிடைத்ததோ அங்கே போட்ட பாதை. மைதானம் வழியில் இருந்தது தற்செயல்.

அந்தத் தற்செயல் கட்டடத்தைப் பார்த்தாலே தெரியும். பறக்கும் ரயில் நிலையங்களில் ஏறி இறங்கியவர்களுக்கு அந்த உணர்வு பழக்கமானது: பிரமாண்டம், ஆனால் யாருக்காக என்று புரியாத பிரமாண்டம். கல்யாண மண்டபம் அளவுக்குத் தளங்கள், அவற்றில் கடை இல்லை, ஆள் இல்லை, போதுமான வெளிச்சம் இல்லை. பகலிலேயே சில மூலைகளைப் பெண்கள் தவிர்த்து நடப்பதைப் பார்க்கலாம். சினிமாக்காரர்களுக்கு மட்டும் இந்த வெறுமை பிடிக்கும். துரத்தல் காட்சி எடுக்கத் தோதான இடம்.

இடம் ஏராளமாக இருந்தும் ஏன் அது கூட்டத்துக்கு உதவுவதில்லை? ஏனென்றால் காலி இடம் என்பது வேறு, வழி என்பது வேறு. பத்தாயிரம் பேர் நிற்கக்கூடிய தளத்துக்குக் குறுகலான படிக்கட்டு வழியாக ஏற வேண்டும் என்றால், அந்தத் தளத்தின் கொள்ளளவு படிக்கட்டின் கொள்ளளவுதான். எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், குளம் பெரிசா இருந்து என்ன செய்ய, மடை சின்னதுன்னா வயலுக்குத் தண்ணி அவ்வளவுதான் என்று. குளத்தைப் பெயரிலேயே வைத்திருக்கிற ஊர்க்காரனுக்கு இந்த இன்ஜினியரிங் புரியும்.

*

எலியாஸ் கனெட்டியின் 'கூட்டமும் அதிகாரமும்' 1960இல் வந்த நூல். அதில் அரங்கம் பற்றிய ஒரு சின்னப் பகுதி உண்டு. வட்ட அரங்கில் உட்கார்ந்திருப்பவர்கள் நகரத்துக்குத் தங்கள் முதுகைக் காட்டுகிறார்கள் என்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் உயிரற்ற சுவர். உள்ளிருந்து பார்த்தால் மனித முகங்களால் ஆன சுவர். கூட்டம் தன்னைத்தானே எதிரில் பார்த்துக்கொள்கிறது. அந்த வளையத்துக்கு இடைவெளி இல்லை. அதனால்தான் அங்கே அத்தனை ஆவேசமும் சாத்தியம்.

சேப்பாக்கத்தில் உட்கார்ந்து 'சச்சின்... சச்சின்...' என்றோ 'தோனி... தோனி...' என்றோ கத்தியவர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத உண்மை. எதிர் கேலரியில் கத்துபவன் உனக்குத் தெரியாதவன், ஆனால் அவன் நீதான்.

கனெட்டியின் கண் வளையத்துக்கு உள்ளே இருக்கிறது. வளையம் அவிழும் நேரம் அவருடைய அந்தப் பகுதிக்கு வெளியே விழுகிறது. ஆனால் ஆபத்து அங்கேதான். உள்ளே வருபவர்கள் மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வருவார்கள். வெளியே போகிறவர்கள் இருபது நிமிஷத்தில் மொத்தமாகப் போவார்கள். 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 66 பேர் இறந்தார்கள். ஆட்டத்தில் எந்தக் கலவரமும் இல்லை. வெளியே போகும் படிக்கட்டில் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து நசுங்கினார்கள். வீட்டுக்குப் போகும் வழியில்.

இந்த இருபது நிமிஷத்தை யோசித்துக் கட்டப்பட்ட ரயில் பாதைகளும் உலகில் உண்டு. லண்டன் வெம்ப்ளி மைதானத்துக்கு 1923இல் ஒரு நிலையம் திறந்தார்கள். முதல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் அங்கே நடந்த அதே ஏப்ரல் 28. 1,27,000 பேர் கொள்ளும் என்று சொல்லப்பட்ட அரங்கில் இரண்டு லட்சத்துக்கும் மேல் வந்ததாக மதிப்பிடுகிறார்கள். ஆடுகளத்தில் வழிந்த ஜனத்தைக் குதிரைப் போலீஸ் மெல்ல மெல்ல ஓரம் கட்டிய பிறகுதான் ஆட்டமே தொடங்கியது. அந்த ரயில் நிலையத்தின் சிறப்பு அதன் பாதை ஒரு வளையம் என்பது. வண்டி வரும், ஆளை ஏற்றும், திரும்ப வேண்டிய அவசியமில்லாமல் அப்படியே சுற்றிக்கொண்டு போய்விடும். பின்னால் அடுத்த வண்டி. இன்ஜினை மாற்ற வேண்டாம், எதிர் வண்டிக்குக் காத்திருக்க வேண்டாம். உள்ளே மனித வளையம் அவிழும்போது வெளியே ஓர் இரும்பு வளையம் அதை வாங்கிக்கொள்கிறது. 1968க்குப் பிறகு அந்தப் பாதை பயன்பாட்டிலிருந்து போய்விட்டது. என்றாலும் யாரோ ஒரு மனுஷன் 'இவங்க எல்லாம் எப்படித் திரும்பிப் போவாங்க?' என்று உட்கார்ந்து யோசித்ததற்கான சாட்சி அது.

சேப்பாக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். இப்போது மைதானம் ஏறக்குறைய 38,000 பேரைக் கொள்ளும். மூன்றில் ஒருவர் பறக்கும் ரயிலை நம்பினால் பன்னிரண்டாயிரம் சொச்சம். ஒரு வண்டியில் நெருக்கியடித்து இரண்டாயிரம் பேர் ஏறலாம் என்று வைத்துக்கொண்டால் ஆறு வண்டிகள். இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால் கடைசி ஆள் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம். ஐபிஎல் ஆட்டம் முடிவது பதினொன்றைத் தாண்டி. கணக்கு நள்ளிரவைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டு திசையிலும் வண்டி உண்டே என்பீர்கள். உண்டு. ஆனால் அதிலும் ஒரு கதை இருக்கிறது.

*

2023 ஆகஸ்ட் இறுதியில், கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது பாதை போடும் வேலைக்காக, கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே பறக்கும் ரயில் நிறுத்தப்பட்டது. ஏழு மாதத்தில் முடியும் என்றார்கள். 2024 அக்டோபர் கடைசியில்தான் மீண்டும் ஓடியது. பதினான்கு மாதம்.

இதன் அர்த்தத்தைக் கவனியுங்கள். வடக்கு நோக்கிப் போனால், சேப்பாக்கத்துக்கு அடுத்த நிலையம் சிந்தாதிரிப்பேட்டை. அதாவது பதினான்கு மாதம், மைதானத்திலிருந்து சென்ட்ரல் பக்கம் போக நினைத்தவருக்கு, ஏறிய நிலையத்துக்கு அடுத்த நிலையமே கடைசி நிலையம். அந்தப் பதினான்கு மாதத்தில்தான் 2023 உலகக் கோப்பையின் ஐந்து ஆட்டங்கள் சேப்பாக்கத்தில் நடந்தன. 2024 ஐபிஎல் இறுதி ஆட்டமும் அங்கேதான் நடந்தது. அரங்கத்துக்குள்ளே புதுக் கேலரி, புது விளக்கு. பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்த ஐ, ஜே, கே கேலரிகளும் திறந்தாயிற்று. உட்காரும் இடம் கூடியது. போகும் வழி குறைந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதியவர்கள் குறைவு, ஏனென்றால் ஒன்று விளையாட்டுச் செய்தி, மற்றொன்று ரயில்வே செய்தி.

இதே காலத்தில்தான் 2024 அக்டோபர் 6 வந்தது. மெரினாவில் விமானப்படை சாகசம். வந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்று சொல்லப்பட்டது. வெயில், தண்ணீர் இல்லை, திரும்பிப் போக வழியில்லை; ஐந்து பேர் இறந்தார்கள். அன்றைய படங்களில் பறக்கும் ரயில் நிலையங்களைப் பாருங்கள். நடைமேடையின் விளிம்பு தெரியவில்லை. வண்டிக் கதவுகளில் ஆள்கள் கொத்தாகத் தொங்குகிறார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் குறைவான வண்டிகளோடு ஞாயிறு அட்டவணை ஓடியது என்பது பெரிய விமர்சனமானது. சேப்பாக்கமும் கலங்கரை விளக்கமும் திருவல்லிக்கேணியும் கடற்கரைக் கூட்டத்துக்கு எட்டும் நிலையங்கள். தற்செயலாக வழியில் அமைந்த பாதைக்கு அன்று சரியான பரீட்சை. அது தேறவில்லை.

2025 ஜூன் 4, பெங்களூரு. கோப்பை வென்ற அணியைப் பார்க்கச் சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் முண்டியடித்தவர்களில் 11 பேர் இறந்தார்கள். அன்றைக்குப் பக்கத்திலிருந்த கப்பன் பார்க், விதான சவுதா மெட்ரோ நிலையங்களில் வண்டிகள் நிற்காமல் போயின. கூட்டம் மேலும் சேராமலிருக்க எடுத்த முடிவு. அந்த நிமிஷத்துக்கு அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். ஆனால் ஏற்கெனவே அங்கே நிற்பவருக்கு நிலையம் மூடுவது என்றால் திரும்பிப் போகும் கதவு மூடுவது.

இந்த மாதிரி நாள்களின் மறுநாள் செய்தியை நாம் எந்த மொழியில் எழுதுகிறோம்? 'கட்டுக்கடங்காத கூட்டம்', 'அலைமோதிய மக்கள் வெள்ளம்', 'முண்டியடித்த ரசிகர்கள்'. எல்லாம் இயற்கைச் சீற்றத்துக்கான சொற்கள். வெள்ளம் என்று எழுதிவிட்டால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளம் வரும், போகும். கூடவே ஒரு குற்றச்சாட்டும் அதில் ஒளிந்திருக்கிறது: கட்டுக்கு அடங்காதது அவர்கள் குணம். படிக்கட்டின் அகலம், வண்டியின் இடைவெளி, கடைசி வண்டியின் நேரம் இவையெல்லாம் வாக்கியத்திலிருந்து காணாமல் போய்விடுகின்றன. மொழியைப் பற்றி அக்கறைப்படும் இலக்கிய வாசகர்கள் கோபப்பட வேண்டிய இடம் இது என்று நினைக்கிறேன். ஒரு மோசமான கவிதை வரியைவிட இந்த வாக்கியங்கள் அதிகம் கெடுதல் செய்கின்றன.

*

சரி, நம் கலை என்ன செய்திருக்கிறது?

தமிழ் கிரிக்கெட் சினிமாவுக்கு இப்போது ஒரு வரிசை உண்டு. 'சென்னை 600028' (2007), 'ஜீவா' (2014), 'கனா' (2018), 'ப்ளூ ஸ்டார்', 'லப்பர் பந்து' (இரண்டும் 2024). முதல் படத்தின் பெயரிலிருக்கும் பின்கோடு மந்தைவெளி வட்டாரத்துடையது; அந்த வட்டாரத்தின் தலைக்கு மேலேயேதான் பறக்கும் ரயில் போகிறது. அந்தப் பையன்களின் மைதானம் தெரு. அவர்களுக்கு யாரும் கேலரி கட்டவில்லை, நிலையமும் கட்டவில்லை. அந்தப் படம் இன்றும் புதுசாக இருப்பதற்கு அதன் சிரிப்பு ஒரு காரணம். தோற்றவர்கள் நடந்தே வீடு போகக்கூடிய தூரத்தில் எல்லாம் நடப்பது இன்னொரு காரணம் என்பேன்.

'ப்ளூ ஸ்டார்' இந்த வரிசையில் தனி. அரக்கோணம் என்ற ரயில் ஊரில், தொண்ணூறுகளில் நடக்கிறது. காலனியின் அணி, ஊரின் அணி என்று இரண்டு. சென்னை எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, தண்டவாளமும் இருக்கிறது. ஆனால் தண்டவாளம் இருப்பதாலேயே யாரும் போய்ச் சேர்ந்துவிட முடியாது என்பதை அந்தப் படம் அறிந்திருக்கிறது. 'லப்பர் பந்து'வின் அன்புவுக்குச் சாதியின் பேரில் சொந்த ஊர் அணியில் இடமில்லை. வெவ்வேறு அணிகளுக்குக் கெஸ்ட் ஆட்டக்காரனாகப் போகிறான். ஆலங்குளம் பக்கத்தில் டென்னிஸ் பந்து டோர்னமெண்ட் ஆடியவர்களுக்கு அந்த வாழ்க்கை அத்துப்படி. லோடு ஆட்டோவில் கிட் பையோடு பன்னிரண்டு பேர் நெருக்கி உட்கார்ந்து போய், நள்ளிரவில் கோப்பையோடோ கோப்பை இல்லாமலோ திரும்புவது. "ஏல, செயிச்சாலும் தோத்தாலும் டீசல் காசு ஒண்ணுதாம்ல" என்பது எங்கள் பக்கத்து விளையாட்டுத் தத்துவம்.

இந்தப் படங்கள் ஆடுபவனின் பயணத்தைக் காட்டத் தொடங்கிவிட்டன. பார்ப்பவனின் பயணம் இன்னும் வரவில்லை. கேலரியில் இருப்பவர்கள் நம் சினிமாவில் கத்துவதற்காக இருக்கிறார்கள். அவர்கள் முகம் மூன்று விநாடி. பிறகு மறுபடி பந்து.

இலக்கியத்துக்கு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. செகந்திராபாத்தில் ரயில்வே ஊழியர் ஒருவரின் மகன் சந்திரசேகரன். கிரிக்கெட் ஆடும் பையன். ரயில்வே குடியிருப்பு, கிரிக்கெட், சைக்கிள் என்று நகர்கிற நாவல் 1948இன் வன்முறைக்குள் அவனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. முடிவில், தான் எந்தப் பக்கத்துக் கூட்டத்தில் ஒருவனாக நிற்கிறோம் என்பது ஒரு வீட்டுக்குள் அவன் முகத்தில் அறைகிறது, அவன் ஓடுகிறான். அந்த நாவல் கூட்டத்தை வெள்ளமாக எழுதவில்லை. கூட்டம் என்பது ஒரு பையன், இன்னொரு பையன், இன்னொருவன். ஒவ்வொருவனும் ஒரு வீட்டிலிருந்து வந்தவன், திரும்பிப் போக வேண்டியவன். மைதானக் கூட்டத்தைப் பற்றிய நாவல் இல்லைதான். ஆனால் மைதானக் கூட்டத்தை எழுத நினைக்கிற யாரும் அதிலிருந்து இதைக் கற்றுக்கொள்ளலாம். கூட்டத்துக்குள் இருக்கும் ஒருவனின் முகவரியை மறக்காதே.

*

முகவரி என்றால் எங்கள் முகவரியிலிருந்து பார்ப்போம். ஆலங்குளத்திலிருந்து ஒருவன் சேப்பாக்கத்தில் ஐபிஎல் பார்க்கக் கிளம்புகிறான். திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி நெல்லை எக்ஸ்பிரஸ், இல்லையென்றால் தென்காசி போய்ப் பொதிகை. காலையில் சென்னை. பகல் முழுக்க ஒரு சொந்தக்காரர் வீட்டிலோ மெரினாவிலோ ஓட்டிவிடலாம். 2024இல் ஆகக் குறைந்த டிக்கெட் 1,700 ரூபாய், ஆன்லைனில் கிடைத்தால். பறக்கும் ரயிலின் குறைந்த கட்டணம் 5 ரூபாய். ஒரே ராத்திரிக்கு, ஒரே கூட்டத்துக்கு, இரண்டு விலை.

ஏழரைக்கு ஆட்டம் தொடங்குகிறது. முதல் இன்னிங்ஸ் முடிவதற்குள் அவனுடைய ஊர் வண்டிகள் சென்னையை விட்டுக் கிளம்பிவிடும். மிச்சம் பஸ். தெற்கத்தி பஸ்கள் 2023 டிசம்பர் 30 முதல் கோயம்பேட்டை விட்டுக் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டன. அந்தப் பேருந்து நிலையம் திறந்தபோது அதற்கென்று ரயில் நிலையம் இல்லை. ராத்திரி பதினொன்றேகாலுக்குச் சேப்பாக்கத்தை விட்டு வெளியே வந்தவன் பறக்கும் ரயில், புறநகர் ரயில், பிறகு ஒரு டவுன் பஸ் என்று மாறி மாறிக் கிளாம்பாக்கம் சேர வேண்டும். அதனால்தான் கடைசி ஐந்து ஓவரில், தோனி இறங்கப் போகிற நேரத்தில், கேலரியில் சிலர் எழுந்து போவதைப் பார்க்கிறோம். டிவியில் கமென்டேட்டர் அதைக் கவனித்தால், ஆட்டம் கையை விட்டுப் போனதால் ரசிகர்கள் கிளம்புகிறார்கள் என்பார். கிளம்புகிறவனுக்கு ஆட்டம் போகவில்லை. வண்டி போய்விடும்.

'விவரம் தெரிந்த கூட்டம்' என்ற பட்டத்தில் எனக்குள்ள சிக்கல் இதுதான். கடைசிப் பந்து வரை இருந்து, எழுந்து நின்று, எதிரணிக்கும் கைதட்ட நேரம் இருப்பது யாருக்கு? பக்கத்தில் வீடு இருப்பவருக்கு, கார் நிறுத்தியிருப்பவருக்கு, கடைசி வண்டி பற்றிக் கவலைப்பட வேண்டாதவருக்கு. பெருந்தன்மைக்கும் ஒரு போக்குவரத்து அட்டவணை தேவைப்படுகிறது. 1999இல் ஆட்டம் பகலில் முடிந்தது. டெஸ்ட் டிக்கெட்டும் இந்த விலை இல்லை. எல்லோரும் நின்று கைதட்ட முடிந்தது. அந்தக் கைதட்டலைக் கொண்டாடுபவர்கள் அது எந்தச் சூழலில் சாத்தியமானது என்பதையும் சேர்த்துக் கொண்டாட வேண்டும்.

பக்கத்து உதாரணமும் சொல்லலாம். 2016இல் டிஎன்பிஎல் தொடங்கியபோது திருநெல்வேலி சங்கர் நகர் மைதானத்துக்கும் ஆட்டங்கள் வந்தன. தாழையூத்து ரயில் நிலையம் பக்கத்தில்தான். ஆனால் ராத்திரி ஆட்டம் முடிந்து அந்த நிலையத்தை நம்பி யாரும் நடப்பதில்லை. பைக், வேன், தெரிந்தவர் கார். நிலையம் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, நடுவில் ஒரு அட்டவணை இல்லை.

கூட்டமாக இருக்கத் தெரியாத ஜனம் இல்லை இது. குற்றாலச் சீசனில் வந்து பாருங்கள். மெயினருவியில் தண்ணீர் விழும் இடம் கொஞ்சம். வருகிற ஜனமோ கொஞ்சமில்லை. வரிசையில் நிற்கிறார்கள், "அண்ணாச்சி, போதும் வாங்க, நாங்களும் நனையணும்லா" என்று கேட்கிறார்கள், அவரும் விலகுகிறார். ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி. உள்ளே போக ஒரு வழி, வெளியே வர ஒரு வழி. வழி தெளிவாக இருந்தால் கூட்டம் தானாகவே ஒழுங்காகிவிடும்.

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வருஷத்தில் பத்துப் பதினைந்து ராத்திரிக்காக ஒரு ரயில் பாதையைக் கட்ட முடியுமா? மிச்ச நாளெல்லாம் அது சும்மா கிடக்காதா?

அமெரிக்காவின் நியூஜெர்சியில் அப்படி ஒன்றைக் கட்டிப் பார்த்தார்கள். மெடோலேண்ட்ஸ் விளையாட்டு வளாகத்துக்கு 2009இல் திறந்த கிளைப் பாதை, பெரும்பாலும் ஆட்டம் உள்ள நாள்களில் மட்டும் ஓடும். 2014 பிப்ரவரியில் சூப்பர் பவுல் ஆட்டத்துக்கு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பேர், ஏறத்தாழ 28,000 பேர், ரயிலில் வந்துவிட்டார்கள். வழியில் மாறும் நிலையத்தில் நெரிசலில் மயங்கி விழுந்தார்கள். ஆட்டம் முடிந்து திரும்ப மணிக்கணக்காகக் காத்திருந்தார்கள். காரில் வராதே, ரயிலில் வா என்று கூப்பிட்டது நிர்வாகம்தான். அதை நம்பி வந்தவர்களைத் திருப்பி அனுப்பத்தான் திணறியது. ஆக, மைதானத்துக்கென்றே பாதை போட்டாலும் திரும்பும் கணக்கு தப்பினால் அவ்வளவுதான்.

சென்னைக்கு இந்தச் சங்கடமே இல்லை என்பதுதான் வேடிக்கை. சேப்பாக்கம் நிலையம் தினமும் ஓடுகிற பாதையில் இருக்கிறது. பல்கலைக்கழக மாணவர்கள், எழிலகத்துக்கு மனு கொடுக்க வருபவர்கள், திருவல்லிக்கேணி மேன்ஷன்வாசிகள் எல்லோருக்குமான பாதை. புதிதாக ஒன்றும் கட்ட வேண்டாம். ஆட்ட ராத்திரியில் கூடுதல் வண்டிகள், அவை எந்த நேரத்துக்கு என்று டிக்கெட்டிலேயே அச்சடித்த ஒரு வரி, தளங்களில் வெளிச்சம், ஏற ஒரு படி இறங்க ஒரு படி. சமீப ஐபிஎல் பருவங்களில் ஆட்ட டிக்கெட்டைக் காட்டினால் மெட்ரோவில் இலவசமாகப் போகலாம் என்ற ஏற்பாடு வந்தது. நல்ல விஷயம், மறுக்கவில்லை. அதிலும் ஒரு நிழல் விழுகிறது: 1,700 ரூபாய் கொடுத்தவருக்கு ரயில் இலவசம். மைதானத்துக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர், கடலை விற்கிறவர், முகத்தில் கொடி வரைகிறவர், இவர்களும் அதே பதினொன்றேகாலுக்குத்தான் வீடு போக வேண்டும். ஆட்ட ராத்திரியின் கூட்டத்தில் அவர்களும் சேர்த்திதான்.

விளையாட்டை எழுதுகிறவர்களிடம், படம் எடுக்கிறவர்களிடம் எனக்கு இருக்கிற எதிர்பார்ப்பு சின்னது. கடைசிப் பந்தில் கதையை முடிக்காதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் கூடவே வாருங்கள். கேட்டில் செருப்பு அறுந்தவனோடு, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு படியேறுகிறவரோடு, கூட்டத்தில் மேலே கை படாமலிருக்கப் பையை மார்போடு அணைத்து நிற்கும் பெண்ணோடு, வண்டியில் தொங்கியபடி இன்னும் அந்த ஆறாவது சிக்ஸரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் பையன்களோடு. அவர்கள் இன்னும் ரசிகர்கள்தான். ஆட்டத்தின் மிச்சம் அவர்கள் வாயில் இருக்கிறது. ஜன்னல் வழியே மைதானத்தின் விளக்குகள் கொஞ்ச தூரம் வரைக்கும் தெரியும். அடுத்த நிலையம் திருவல்லிக்கேணி.